மெதுவாகச் சுமக்கக் கற்கும் கை



ஐம்பது வயதைக் கடந்தபின் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ கோல்ஃப் ஆடுகிறவர் நீங்கள் என்றால், முழங்கையில் குத்தும் வலியோடு இதை வாசிக்கிறீர்கள் என்றால், இந்த வாரச் சிந்தனை முதலாவது உங்களுக்கே உரியது. கோல்ஃப் மைதானத்தை எட்டியும் பாராதவர்கள் இதைக் கடந்துபோய்விட வேண்டாம். துணி பிழியும் கைக்கும், சுத்தியல் பிடிக்கும் கைக்கும், தேயிலை பறிக்கும் கைக்கும் இதே வலி வருகிறது. நான் சொல்ல விரும்புவது இதுதான்: வலியை மறைத்து வைப்பதைப் பொறுமை என்று எண்ணி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம், அதை ஒரே நாளில் துரத்திவிடலாம் என்றும் நம்ப வேண்டாம். நோயுற்ற கை, சிறிய சுமையிலிருந்து தொடங்கி, நாளுக்கு நாள் மெதுவாகச் சுமக்கக் கற்கும்போதுதான் குணமாகிறது. இதை நான் என் வலது கையில் கற்றேன்.

ஒரு திருவிருந்து ஆராதனையில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். பாத்திரத்தை வலது கையில் ஏந்தி, பீடத்தின்முன் முழங்காற்படியிட்டிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். வரிசையின் நடுவில் என் முழங்கையின் உட்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல ஒரு வலி எழுந்தது. விரல்கள் தளர்ந்தன. பாத்திரம் சாய்ந்து, சில துளிகள் வெண்துணியில் சிந்தின. அப்போது எனக்கெதிரே இருந்தவர், தேயிலைத் தோட்டத்தில் 40 ஆண்டுகள் இலை பறித்து ஓய்வுபெற்ற ஒரு தாயார். அவர் சிறிதும் பதறாமல் தம் இரு கைகளாலும் பாத்திரத்தின் அடியைத் தாங்கிக்கொண்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஆராதனையை முடித்தேன்.

ஆராதனைக்குப் பின் அவர் வாசலருகே காத்திருந்தார். "கை வலிக்குதா ஐயா? எத்தனை நாளா?" என்று கேட்டார். நான்கு மாதங்களாக என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நாங்க வலிய மறைப்போம் ஐயா, சொன்னா அன்னைக்குக் கூலி போயிரும்னு. உங்களுக்கு என்னத்துக்குப் பயம்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

உண்மையான பதில் இதுதான். ஆயர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உழைப்பின் நாள். திங்கட்கிழமையே ஓய்வின் நாள். நீலகிரிக்கு மாறுதலாகி வந்த பின்பு, ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் என்னைத் தம் விருந்தினராகக் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். பனி விலகும் காலையில், புல்வெளி ஏறி இறங்கி நான்கு மணி நேரம் நடப்பதும், பேசுவதும், பேசாமலிருப்பதும் எனக்கு மிகுந்த ஆறுதலாயிருந்தது. ஆறு ஆண்டுகள் அப்படியே சென்றன. பின்பு எங்களோடு ஆட முப்பது வயதுக்குள்ளான ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவருடைய பந்து என் பந்தைத் தாண்டி அறுபது எழுபது கெஜம் சென்று விழுந்தது. அதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரமே பயிற்சித் திடலுக்குச் சென்று, கடினமான செயற்கை விரிப்பின்மேல் வைத்து ஒரே மூச்சில் நூறு பந்துகளை அடித்தேன். வாரம் இருமுறை அவ்வாறு செய்தேன். இரண்டு மாதங்களுக்குள் கதவின் குமிழைத் திருகும்போதே கை வலித்தது.

ஆகவே எனக்கிருந்தது கூலி போய்விடும் என்ற பயம் அல்ல. வயதாகிவிட்டது என்று பிறர் அறிந்துவிடுவார்களே என்ற கூச்சம் அது. தைலம் பூசினேன். வலி மாத்திரை விழுங்கினேன். சட்டைக்கையின் உள்ளே பட்டை கட்டிக்கொண்டு ஆடினேன். யாராவது கேட்டால், "ஒன்றுமில்லை, ஆண்டவர் பெலன் தருகிறார்" என்றேன். என் பெருமையை மூடுவதற்குத் தெய்வத்தின் பெயரைப் போர்வையாக்கினேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வாசகரே, முதலாவது இந்த வலி என்னவென்று விளங்கிக்கொள்வோம். முழங்கையின் இருபுறமும் எலும்பு சற்றே துருத்திக்கொண்டிருக்கிறது. உட்புற முனையிலிருந்து தொடங்கும் தசைகள் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்குகின்றன. விரல்களை இறுக்கிப் பிடிக்கவும் உதவுகின்றன. வெளிப்புற முனையிலிருந்து தொடங்குபவை மணிக்கட்டைப் பின்னோக்கி உயர்த்துகின்றன. இத்தசைகளை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியே தசைநாண். உட்புறத் தசைநாண் நோயுற்றால் அதைக் 'கோல்ஃபர்ஸ் எல்போ' என்றும், வெளிப்புறத்தது நோயுற்றால் 'டென்னிஸ் எல்போ' என்றும் அழைக்கிறார்கள். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இரண்டுமே வருகின்றன. வலது கைப் பழக்கமுள்ள ஆட்டக்காரருக்கு உட்புற வலி பெரும்பாலும் வலது கையிலும், வெளிப்புற வலி பெரும்பாலும் இடது கையிலும் தோன்றும்.

இதை நெடுங்காலம் வீக்கத்தால் வரும் நோய் என்றே கருதிவந்தார்கள். ஆனால் நாட்பட்ட தசைநாணை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அங்கே அழற்சியைவிடச் சிதைவே மிகுந்திருப்பதைக் கண்டார்கள். ஒழுங்காக முறுக்கிய கயிற்றின் இழைகள் ஓரிடத்தில் பிரிந்து, தாறுமாறாகக் கிடப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். உடல் அந்த இழைகளைச் சீர்செய்ய ஒவ்வொரு நாளும் முயல்கிறது. ஆனால் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அதன் வேலை மெதுவாகவே நடக்கும். அந்த வேலை முடியுமுன்னே நாம் மறுபடியும் நூறு பந்துகளை அடித்தால், கட்டுவது இடிந்து, இடிந்தது பெருகுகிறது. இவ்வலி 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையிலேயே மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்வம் இளமையாகவே இருக்கிறது. சீர்செய்யும் வேகமோ குறைந்துவிடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் தசைநாண் கோளாறுகள் மிகுதியாக வருகின்றன.

இப்போது என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். நம்முடைய சபைகளில் வலியைச் சொல்லாதவரையே பெரிய விசுவாசி என்று புகழ்கிறோம். "எவ்வளவு வேதனையிலும் முகம் சுளிக்கவில்லை" என்று அடக்க ஆராதனைகளில் சாட்சி சொல்கிறோம். தவிர்க்க முடியாத வேதனையைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை மேன்மையானதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்தும் ஓய்வும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வலியை மறைக்கிறவன் பொறுமைசாலி அல்லன். தனக்கு அறிவிக்கும்படி அனுப்பப்பட்ட தூதனை வாசலிலேயே நிறுத்திவைக்கிறவன் அவன். நான்கு மாதங்களுக்கு முன்பே நான் வாய் திறந்திருந்தால், என் கை எட்டு மாதங்கள் பாடுபட்டிருக்காது.

மறைத்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் அகப்பட்டுக்கொண்டால், உடனே குறுக்குவழி தேடுகிறான். நானும் தேடினேன். ஊசி போட்டுக்கொண்டால் ஒரே வாரத்தில் ஆடலாம் என்று மைதானத்தில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது பாதி உண்மை. ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களில் வலியைத் தெளிவாகக் குறைக்கிறது. ஆனால் பின்பு என்ன நடக்கிறது? டென்னிஸ் எல்போ உள்ள 165 பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓராண்டு பின்தொடர்ந்து, 2013-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு, அதாவது 54 சதவீதத்தினருக்கு, வலி திரும்பி வந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களிலோ 12 சதவீதத்தினருக்கே திரும்பியது. இந்த ஆய்வு வெளிப்புற வலியைப் பற்றியது. ஆயினும் என் மருத்துவர், உட்புற வலிக்கும் அவசரப்பட வேண்டாம் என்றே சொன்னார். ஊசியே கூடாது என்று தீர்ப்பளிப்பது என் வேலை அல்ல. அதை உங்கள் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமை ஆட்டத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காக அதைக் கேட்காதீர்கள். வலி அடங்கியது என்பதற்காகத் தசைநாண் குணமாகிவிட்டது என்று பொருளில்லை. எச்சரிக்கை மணியின் நாவை அறுத்துவிட்டு, நெருப்பு அணைந்தது என்று சொல்ல முடியுமா?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "கையை அசைக்கவே வேண்டாம், முழு ஓய்வு கொடுங்கள்" என்று அன்புள்ளவர்கள் பலர் சொன்னார்கள். நானும் மூன்று வாரங்கள் ஒரு குவளையைக்கூட வலது கையால் தூக்கவில்லை. வலி குறைந்தது. மகிழ்ச்சியோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினேன். அன்றே வலி திரும்பியது. அதன்பின் நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட், எனக்குப் பிள்ளையாகத் தக்க வயதுடைய ஒரு பெண், இதை எனக்கு விளக்கினார். தசைநாண் ஓய்வினால் மட்டும் வலுப்பெறாது, சுமையினால்தான் வலுப்பெறும். சுமையே இல்லாவிட்டால் அது மேலும் நலிவடையும். மிகுதியான சுமையோ அதைக் கிழிக்கும். இரண்டுக்கும் நடுவே, அதனால் தாங்கக்கூடிய சரியான அளவைக் கண்டுபிடித்து, அதை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே சிகிச்சை. அவர் சொல்லச் சொல்ல, நான் முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்ததை யாரோ எனக்குத் திரும்பப் பிரசங்கிப்பதுபோல் இருந்தது.

எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சியை எழுதுகிறேன். உங்கள் கைக்கு உரிய அளவை, உங்களைப் பரிசோதிப்பவர் சொல்லட்டும். தொடக்கத்தில் கையை அசைக்காமலே தாங்கும் பயிற்சி. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை மேல்நோக்க, மணிக்கட்டை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொள்ள வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்றைப் பிடித்து, மணிக்கட்டை நேராக வைத்தபடி 30 முதல் 45 விநாடிகள் தாங்க வேண்டும். சற்று இளைப்பாறி, இவ்வாறு ஐந்து முறை. சில வாரங்களுக்குப் பின் இரண்டாம் படி. இடது கையின் உதவியால் போத்தலை மேலே கொண்டுவந்து, வலது மணிக்கட்டால் மட்டும் மூன்று நான்கு விநாடிகள் எடுத்து மெதுவாகக் கீழிறக்க வேண்டும். 15 முறை செய்து இளைப்பாறி, அப்படி மூன்று சுற்று. பின்பு அரை லிட்டர் போத்தல் ஒரு லிட்டர் போத்தலாகும். தூக்குவதைவிட மெதுவாக இறக்குவதில்தான் பலன் இருக்கிறது என்றார் அவர். தோள், முதுகு, இடுப்பு ஆகியவற்றுக்கும் பயிற்சி தந்தார். இடுப்பும் மார்பும் திரும்ப மறுத்தால், அவற்றின் வேலையையும் சேர்த்து முழங்கையே செய்யவேண்டியிருக்கும் அல்லவா?

வலிக்கும்போது நிறுத்துவதா, தொடர்வதா என்று கேட்டேன். அவர் தந்த அளவுகோல் எளியது. வலியே இல்லாததற்குப் பூஜ்யம், தாங்கவே முடியாததற்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை வலித்தால் தொடரலாம். மறுநாள் காலையில் கை பழைய நிலையில் இருந்தால் சுமை சரியானது. முந்திய நாளைவிட மிகுதியாக வலித்தால் சுமை அதிகம்; ஒரு படி கீழே இறங்குங்கள். அதில் அவமானம் ஏதும் இல்லை. நான் மூன்று முறை ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டருக்கு இறங்கினேன். மூன்றாவது முறை இறங்கியபோதுதான் மனம் முணுமுணுப்பதை நிறுத்தியது.

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். நாட்களால் அல்ல, மாதங்களால் கணக்கிடுங்கள். மூன்று மாதங்களில் தேறுகிறவர்கள் உண்டு. ஓராண்டைத் தாண்டுகிறவர்களும் உண்டு. பெரும்பாலானோர் அறுவைச்சிகிச்சை இல்லாமலே குணமடைகிறார்கள் என்பது நமக்கு ஆறுதல். அந்த மாதங்கள் வெறுமையாய்க் கழிவதில்லை. தென்மேற்குப் பருவமழை மலையை மூடியிருந்த நாட்களில், விடியற்கால ஜெபத்தை முடித்ததும் தண்ணீர்ப் போத்தலை எடுப்பது எனக்கு வழக்கமாயிற்று. எந்த நாளிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஒருநாள் தேங்காய் துருவிக்கொடுத்தபின்தான், வலிக்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். முழங்கை வலியெல்லாம் தசைநாண் வலி அல்ல. மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் மரத்துப்போன உணர்வோ கூச்சமோ இருந்தால், முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். விழுந்தபின் வந்த வலி, மூட்டு சிவந்து வீங்குதல், காய்ச்சல், கையை முற்றும் நீட்ட முடியாமை, இரவில் உறங்கவிடாத வலி ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். நடக்கும்போதோ மேடு ஏறும்போதோ மார்பில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாகக் கை வலித்தால் அது முழங்கையின் காரியமே அல்ல; அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் வயதில் இதைச் சொல்லாமல் விடுவது குற்றமாகும்.

மைதானத்துக்குத் திரும்புவதும் படிப்படியாகவே நடக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த பின்பு, முதல் இரண்டு வாரங்கள் நான் கிரீனில் பந்தை உருட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். பின்பு அருகிலிருந்து மெல்லத் தூக்கி அடிக்கும் சிறு அடிகள். அடுத்து, வெட்ஜ் மட்டையால் அரை வீச்சு. அதன்பின் குட்டையான அயர்ன் மட்டைகள், பின்பு நீண்டவை, கடைசியாக டிரைவர். ஒருநாள் ஆடினால் மறுநாள் ஓய்வு. 20 பந்துகளில் தொடங்கி, மறுநாள் காலையில் கை சொல்வதைக் கேட்டபின்பே எண்ணிக்கையைக் கூட்டினேன். ஒன்பது குழிகளை ஆடி முடித்து, 18 குழிகள் என்று ஆசை பிறந்தபோதும் ஒரு மாதம் ஒன்பதிலேயே நின்றேன்.

சில பழக்கங்களையும் மாற்றினேன். தொடங்குமுன் பத்து நிமிடம் நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி உடலைச் சூடாக்குகிறேன். மலைக்குளிரில் இது இரட்டிப்பாகத் தேவை. செயற்கை விரிப்பை விட்டுப் புல்லின்மேல் பழகுகிறேன். பந்துக்கு முன்னே தரையை இடிக்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் முழங்கைக்கே வருகிறது. ஆகவே வேகத்தைவிட, பந்தைச் சுத்தமாகத் தொடுவதையே நாடுகிறேன். தேய்ந்து வழுக்கிய பிடியுறைகளை மாற்றினேன். மட்டை வழுக்கினால் நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிப்போம். எஃகுத் தண்டுள்ள மட்டைகளுக்குப் பதிலாக, அதிர்வைக் குறைவாகக் கடத்தும் கிராஃபைட் தண்டுள்ளவற்றை நண்பர் இரவல் தந்தார். பையைத் தோளில் தூக்குவதில்லை. தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறேன். இவையெல்லாவற்றிலும் கடினமானது பிடியைத் தளர்த்துவதே. மட்டையை எவ்வளவு இறுகப் பற்றுகிறோமோ, அவ்வளவு பாரத்தை உட்புறத் தசைநாண் சுமக்கிறது. ஒரு சிறு குருவியைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள் என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் பழைய அறிவுரை. எனக்கு மட்டையில் மட்டுமல்ல, சேகரக் கமிட்டிக் கூட்டங்களிலும் இறுக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு என்று என் மனைவி நினைவூட்டினார்.

காத்திருத்தலைப் பற்றி எண்ணும்போது எனக்கு ஓர் ஆட்டக்காரர் நினைவுக்கு வருகிறார். ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் லாங்கர், 1985-இலும் 1993-இலும் மாஸ்டர்ஸ் போட்டியில் வென்றவர். தம் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாகப் பேசுகிறவர். 2024-இல், தமது 66-ஆம் வயதில், அவ்வாண்டு மாஸ்டர்ஸ் ஆடி அப்போட்டியிலிருந்து விடைபெறத் திட்டமிட்டிருந்தார். ஆனால் பிப்ரவரியில் அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. அறுவைச்சிகிச்சை நடந்தது. ஏப்ரலில் நடக்கவிருந்த விடைபெறும் ஆட்டத்தை அவர் விட்டுக்கொடுத்தார். மே மாதத்தில் மூத்தோர் போட்டிக்குத் திரும்பினார். நவம்பரில், 67-ஆம் வயதில், அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியில் வென்றார். மாஸ்டர்ஸ் விடைபெறுதல் ஓராண்டு தள்ளி 2025-இல் நடந்தது. அவருடைய திறமையும், அவருக்குக் கிடைக்கும் பராமரிப்பும் நமக்கு இல்லை. அவருடைய வேகத்தை நாம் பின்பற்ற முயல வேண்டாம். அவரிடத்தில் நான் கற்றுக்கொள்வது வேறு. வாழ்வில் ஒருமுறையே வரும் என்று எண்ணிய விடைபெறுதலைக்கூட, கால் ஆயத்தமாகவில்லை என்று அவரால் ஓராண்டு தள்ளிவைக்க முடிந்தது. என்னாலோ ஒரு திங்கட்கிழமையைத் தள்ளிவைக்க முடியவில்லை.

குணமாவது என்றால் பழைய நிலைக்கே திரும்புவது என்று நான் எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணுவதில்லை. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய யாக்கோபை எண்ணிப் பாருங்கள். அவன் ஆசீர்வாதத்தைப் பெற்றான். புதிய பெயரைப் பெற்றான். ஆனால் விடிந்தபோது தொடை சுளுக்கி நொண்டி நடந்தான். அந்த நொண்டலோடுதான் தன் சகோதரனைச் சந்தித்து ஒப்புரவானான். என் பந்து இப்போது முன்னைவிட இருபது கெஜம் குறைவாகவே செல்கிறது. அந்த இளைஞருடைய பந்து எங்கே விழுகிறது என்று நான் அளப்பதில்லை. நன்றாக அடித்தால் கைதட்டுகிறேன். சென்ற மாதம் அவர் தம் தந்தையின் நோயைக் குறித்து, ஏழாவது குழியிலிருந்து ஒன்பதாவது குழி வரை என்னிடம் பேசிக்கொண்டே வந்தார். பந்தின் தூரத்தையே அளந்துகொண்டிருந்த நாட்களில் அவர் என்னிடம் எதையும் பேசியதில்லை.

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். என் கை வலித்தது விளையாட்டினால். அதற்கு ஓய்வு கொடுக்க எனக்கு வசதியிருந்தது; பரிசோதிக்க ஆள் இருந்தார்; ஒருநாள் ஆடாவிட்டால் என் வீட்டில் அடுப்பெரியாமல் போகாது. அப்படியிருந்தும் நான் மறைத்தேன். எத்தனையோ ஆண்டுகள் விடியற்காலத்தில் தோட்டத்துக்கு இறங்கிப் போன அவருடைய கை வலித்தபோது, அதைச் சொல்ல இடமேயில்லை. பீடத்தின்முன் அந்தக் கைகளில் நான் எத்தனையோ முறை அப்பத்தை வைத்திருக்கிறேன். ஒருமுறையாவது அவற்றைப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டதில்லை. என் கை வலித்தபின்தான் பிறர் கைகளைப் பார்க்கக் கண் திறந்தது.

ஒரு நாள் அவர் வீட்டுக்குச் சென்று அதைக் கேட்டேன். "இருபது வருசமா வலிக்குது ஐயா" என்று சிரித்தார். அவருக்கும் அதே பிசியோதெரபிஸ்டிடம் நாள் வாங்கிக் கொடுத்தோம். பரிசோதித்துவிட்டு, அவருக்கு வலி வெளிப்புறத்தில் என்று சொல்லி, உள்ளங்கை கீழ்நோக்கச் செய்யும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். இருபது ஆண்டு வலி இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் இப்போது கழுத்துவரை கை உயர்த்தித் தலைவாரிக்கொள்ள முடிகிறது என்கிறார். சபையில் இன்னும் பதினொரு பேர் தங்கள் கைகளைக் காட்டினார்கள். அவர்களில் ஒருவரும் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை.

வாசகரே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வலியை இந்த வாரமே ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவராக இருந்தால் நலம், குறைந்தபட்சம் வீட்டாரிடமாவது. அடுத்து, உங்கள் கை இன்று வலியின்றிச் சுமக்கக்கூடிய மிகச் சிறிய பாரம் எது என்று கண்டுபிடித்து, அதை வெட்கப்படாமல் அங்கிருந்து தொடங்குங்கள். மூன்றாவதாக, உங்களுக்குப் பை சுமக்கும் கேடியின் கையையோ, உங்கள் வீட்டில் துணி துவைக்கும் பெண்ணின் கையையோ பார்த்து, வலிக்கிறதா என்று கேளுங்கள். கேட்டபின், பதிலுக்குத் தக்கதைச் செய்யுங்கள். அவர்களுக்கு ஒருநாள் ஓய்வு என்றால் ஒருநாள் கூலியையும் சேர்த்தே கொடுங்கள். அல்லாவிட்டால் நம் அக்கறை வெறும் வார்த்தையாய்ப் போய்விடும்.

சென்ற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமையில் மறுபடியும் பாத்திரத்தை ஏந்தினேன். இம்முறை வலது கையில் தண்டைப் பிடித்து, இடது கையால் அடியைத் தாங்கிக்கொண்டேன். கை பெலவீனமாயிருந்ததால் அல்ல. அன்று அந்தத் தாயார் தாங்கிய விதத்தை மறவாதிருக்கவே அவ்வாறு செய்தேன். அவரிடம் வந்தபோது அவர் நிமிர்ந்து என் முழங்கையைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவரும் தலையசைத்துவிட்டுப் பாத்திரத்தைப் பெற்றுக்கொண்டார்.

நம் கைகளை உண்டாக்கியவர், அவற்றின் பெலத்தையும் அறிவார். அவற்றின் அளவையும் அறிவார். அந்த அளவை நாமும் அறிந்து, அதற்கேற்பச் சுமக்க நமக்குத் தாழ்மையைத் தந்தருளுவாராக. அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.